அவர் கோல்ஃப் ஆடட்டும்... நாங்கள் எங்கே போவது?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் வேறு எதையோ எழுதும்போது, 'என் வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடப் போயிருந்த நேரத்தில்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வழக்கமாக காசி யாத்திரை, சார்தாம், மூத்த குடிமக்களுக்குக் கீழ் பெர்த் என்று வரும் கடிதங்களில் இந்த முறை பாதி கோல்ஃப். இத்தனை வீடுகளில் இந்த வியாதி இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆறு கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக ஆடுகிறவரோடு ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறேன், அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. மூன்று வருடமாகக் கோல்ஃப் பைத்தியம். கோடை லீவில் ஐந்து நாள் ஏதாவது ஒரு கோல்ஃப் ரிசார்ட்டுக்குப் போகலாம் என்கிறார். கூட வருகிறவர்கள்: முழங்கால் வலியோடு 74 வயது மாமியார், பிளஸ் டூ முடித்த மகள், ஆறாம் வகுப்பு மகன், நான். 'ரிசார்ட்டில் எல்லாம் இருக்கும்' என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லோரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: 'ரிசார்ட்டில் எல்லாம் இருக்கும்.' இதே வாக்கியத்தை நம்பி நானும் ஒரு தடவை போனேன். பெரிய நகரம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. நீச்சல் குளத்தில் ரிப்பேர் வேலை. விளையாட்டு அறையில் வலை இல்லாத ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. கேட்டைத் தாண்டினால் நெடுஞ்சாலை, லாரி, ஒரு பஞ்சர் கடை. காலை ஆறரைக்கு ஆடப் போன என் வீட்டுக்காரர் மதியம் இரண்டு மணிக்கு முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்து, "பதினாலாவது ஹோல்ல பர்டி!" என்றார். ஹோல் என்றால் பந்தைப் போட வேண்டிய குழி. கணக்குக்கு ஒரு அடி குறைவாக அடித்துப் போட்டால் அதற்குப் பேர் பர்டி. என் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "என்ன பறவைடா அது?" என்று கேட்டார். அந்த மூன்று நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பதினெட்டு ஹோல் ஆட நாலு, நாலரை மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் கையைக் காலை உதறிப் பழக அரை மணி. முடிந்த பிறகு குளியல், காப்பி, கூட ஆடினவரோடு அந்தப் பந்து ஏன் வலது பக்கம் போனது என்ற ஆராய்ச்சி. ஆக மொத்தம் ஆறு மணி நேரம். உங்கள் சுற்றுலா நன்றாக இருந்ததா இல்லையா என்பது மற்ற நாலு பேர் அந்த ஆறு மணி நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மைதானத்தின் படத்தைப் பார்க்காதீர்கள். எல்லா மைதானமும் படத்தில் பச்சையாகத்தான் இருக்கும். ஊர் வரைபடத்தை எடுத்து, மைதானத்தின் கேட்டிலிருந்து நடந்தோ ஆட்டோவிலோ பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மாமியார் தனியாகக் கிளம்பிப் போய், ஒரு பூங்காவிலோ கோயிலிலோ உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வர முடியுமா? முடியும் என்றால் அந்த ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

இந்தக் கணக்கில் எனக்குத் தெரிந்து முதலில் நிற்கிற ஊர் இலங்கையின் நுவரெலியா. அங்கே கோல்ஃப் மைதானம் ஊருக்கு வெளியே இல்லை, ஊர் நடுவிலேயே இருக்கிறது. 1889-ல் தொடங்கிய கிளப். கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரம், பதினெட்டு ஹோல். பெரிய பழைய ஹோட்டல்கள், கடைவீதி, 1894-ல் கட்டிய செங்கல் நிறத் தபால் நிலையம், விக்டோரியா பூங்கா எல்லாமே மைதானத்தைச் சுற்றி நடக்கிற தூரத்தில். வெளியாட்கள் அன்றைக்கு மட்டும் பணம் கட்டி ஆடலாம், மட்டை செட்டும் வாடகைக்குக் கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்கள் இதை 'டீ டைம்' என்பார்கள். நாம் குடிக்கிற டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமல் நான் ஒருமுறை பிஸ்கட்டோடு போய் நின்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பயணத்தைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். முதல் நாள் காலை அவரை மைதானத்தில் விட்டுவிட்டு நானும் மாமியாரும் விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி அந்தப் பெயர் வைத்தார்களாம். குளிர் மாதங்களில் பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலரோடு திரிவார்கள். மாமியாருக்கு அதெல்லாம் வேண்டாம், உட்கார ஒரு பெஞ்சு போதும். அதே பெஞ்சில் ஒரு வயதான அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் சேலை. "எந்த ஊருங்கம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். முசிறிப் பக்கம் என்று மாமியார் சொன்னதும் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. அவருடைய பாட்டியின் ஊர் துறையூர். பெருமாள்மலை, பெருமாள்மலை என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாளாம். "அந்த மலை இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார். மலை எங்கே போகும்? ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பேனா மையால் கோடு போட்டதுபோலக் கறுப்பாக வெடிப்புகள், சோப்புப் போட்டாலும் போகாது என்றார். இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். அடுத்த நாள் 'ஹோட்டலிலேயே இருங்கள், குளிர்கிறது' என்று நான் சொன்னதற்கு மாமியார் காது கொடுக்கவே இல்லை, பெஞ்சுக்குக் கிளம்பிவிட்டார்.

தேயிலைத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் வாழ்கிற ஊர் என்பதால் கடை, ஆட்டோ, கோயில் எங்கேயும் நம் பாஷை செல்லும். என் கணவருக்கு அமைந்த கேடியும், அதாவது மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவரும், தமிழர்தான். அந்த மைதானம் குறுகல், இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், நடுநடுவே ஓடை. முதல் மூன்று ஹோலில் நாலு பந்து ஓடைக்குள். ஐந்தாவது பந்தைக் கையில் கொடுக்கும்போது, "சார், பெரிய கம்பு வேண்டாம் சார், சின்னதுல தட்டி விடுங்க" என்றாராம் கேடி. பயிற்சியாளருக்கு என் கணவர் கொட்டிக் கொடுத்த காசில் கிடைக்காத பாடம் அது.

உங்கள் மகனுக்கு: மைதானத்துக்குள்ளேயே ஒரு பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே மேஜர் ராஜர்ஸ் என்பவர் புதைக்கப்பட்டிருக்கிறார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பேர் எடுத்தவர். 1845-ல் இடி விழுந்து செத்தார். செத்த பிறகும் கல்லறை மேல் இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் பையன் இதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் வேறு எதையும் பேசவில்லை. "யானையைச் சுட்டால் பிள்ளையார் சும்மா விடுவாரா?" என்று மாமியார் ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார். மகளுக்கு கிரிகரி ஏரியும் குதிரையும் ஸ்ட்ராபெர்ரியும் போதும், போன் நிறையப் படம் எடுத்துக்கொள்வாள். சீதா எலியவில் ஓடைக்கரையில் சீதை அம்மன் கோயில், அதைத் தாண்டினால் ஹக்கலை தாவரத் தோட்டம். 1861-ல், மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். தோட்டம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், மாமியாரைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுக்க கோல்ஃப் கிடையாது என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நானுஓயா ஸ்டேஷனில் எல்லோரும் ரயில் ஏறிவிடுங்கள். எல்ல என்கிற மலையூர் வரை மூன்று மணி நேரம். வழியில் வருகிற பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன். இருக்கை முன்பதிவு ஒரு மாதம் முன்பே திறக்கும், திறந்ததும் தீர்ந்துவிடும். மழை, மண்சரிவு என்றால் மலை ரயில் நின்றுவிடும் என்பதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

காலம் முக்கியம். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு பாதி அங்கேதான் இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதனால் மே முதல் வாரம். மத்தியானத்துக்கு மேல் மழை வரலாம், ஆட்டத்தைக் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் வளைவு வளைவாக ஏறும். வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும்.

கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி இன்னொரு மைதானம் உண்டு, அழகிலும் அளவிலும் அதுதான் பெரியது என்று உங்கள் கணவர் எங்கேயாவது படித்துவிட்டு வருவார். உண்மைதான். ஆனால் அது ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. நீங்கள் கண்டியில் புத்தரின் பல் வைத்திருக்கிற தலதா மாளிகை பார்க்கிற நாளில் அவர் மட்டும் வண்டி பிடித்துப் போய் வரட்டும். குடும்பத்தோடு அங்கேயே தங்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் நான்கு நாள். நான்கு நாளும் காலையில் ஆட்டம் வைத்துக்கொண்டேன். அதற்கு என் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. மத்தியானம் முழுக்க அவர்களோடுதானே இருக்கப்போகிறேன், இதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, மத்தியானம் நீங்கள் அவர்களோடு இருக்க மாட்டீர்கள். எட்டு கிலோமீட்டர் ஏறி இறங்கி நடந்துவிட்டு வந்து, சாப்பிட்டு, டிவியைப் போட்டுவிட்டுக் குறட்டை விடுவீர்கள். அவர்கள் உங்களை எழுப்பலாமா வேண்டாமா என்று சைகையில் பேசிக்கொள்வார்கள்.

நாலு நாளில் இரண்டு ஆட்டம். ஒன்று பதினெட்டு, இன்னொன்று ஒன்பது. ஊட்டி மைதானம் உங்களை எப்படியும் சோதிக்கும், ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூக்கிற முட்புதர். உள்ளே போன பந்து போனதுதான், கையை விட்டால் கீறல்தான் மிச்சம். மிச்சமிருக்கிற நாளில் குடும்பத்தை மலை ரயிலில் கூட்டிப்போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், சின்னக் குழந்தைகளுக்குப் பொறுக்காது. குன்னூர் – ஊட்டித் துண்டு போதும். குன்னூர் போகிறபோது வெலிங்டனில் 1873-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப்பும் மைதானமும் இருக்கின்றன. ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள், அதுவே உங்கள் மனைவிக்குப் பெரிய பரிசு.

நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு ஹோலைப் பற்றி மட்டும் பேச அனுமதி. எதைப் பேசுவது என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். என் கணவருக்கு வாழ்நாளில் ஒரு தடவை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போக வேண்டும். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோல்ஃப் ஊரில் நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: தயங்காமல் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துப் போங்கள். உலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லாம் கும்பிடுகிற அந்த ஓல்டு கோர்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மூடிவிடும். பெரிய போட்டி நடக்கிற நேரம் மட்டும் விலக்கு. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. நாய் கூட்டி வருகிறவர், தள்ளுவண்டியில் குழந்தை வைத்துக்கொண்டு வருகிறவர், எல்லோரும் அந்தப் புல்மேல் நடப்பார்கள். ஸ்வில்கன் பாலம் என்று சின்னதாக ஒரு கல் பாலம், பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் நின்று கையசைத்த இடம். அதன் மேல் உங்கள் அப்பா அம்மாவை நிறுத்திப் படம் எடுக்கலாம், ஒரு காசு கிடையாது. மற்ற நாளில் அங்கே ஆட, சீசனில் ஒரு ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல். அதுவும் கேட்டதும் கிடைக்காது, குலுக்கலில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அழக்கூடாது, அதே ஊரில் வேறு மைதானங்கள் இருக்கின்றன என்று கணவரிடம் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு 'ஹிமாலயாஸ்' என்று ஒரு இடம். ஓல்டு கோர்ஸை ஒட்டி மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி. பந்தை மெல்லத் தள்ளி குழிக்குள் விடுவது மட்டும்தான் ஆட்டம். 1867-ல் பெண்களுக்காகத் தொடங்கிய கிளப் இது. அந்தக் காலத்தில் பெண் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகில்லை என்று நினைத்தார்களாம், அதனால் அவர்களுக்கென்று இப்படி ஒரு தள்ளாட்டம். இன்று சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். உங்கள் அம்மா சேலையோடு ஆடலாம், ஐந்து வயதுப் பிள்ளையிடம் தோற்கலாம். ஒன்பது ஹோலில் பால்கோவ் என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒரு மைதானமும் உண்டு.

மைதானத்தை ஒட்டியே மணல் கடற்கரை. தண்ணீர் ஐஸ், காலை நனைத்தால் போதும். இடிந்த பேராலயம், இடிந்த கோட்டை, கோட்டைக்குள் புட்டி வடிவில் ஒரு பாதாளச் சிறை. எட்டு வயதுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஜூன், ஜூலையில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சுற்றிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவரை ஆட அனுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்குள் ரயில் வராது. லூகர்ஸில் இறங்கி பஸ்ஸில் பத்து நிமிடம். 2027 ஜூலையில் அங்கே 'தி ஓப்பன்' போட்டி, அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்குக் காற்றுக்கு அடக்கமான குல்லாய் வாங்குங்கள். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது.

கேள்வி: என் 12 வயது மகள் டிவியில் பார்த்துவிட்டு கோல்ஃப் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. லீவில் கொடைக்கானல் போகிறோம். அங்கே மைதானம் இருக்கிறதாமே, ஆட விடுவார்களா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. 1895-ல் தொடங்கிய கிளப், பதினெட்டு ஹோல், ஏரியிலிருந்து தூண்பாறை போகிற வழியில், பசுமைப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில். முதலில் போன் செய்யுங்கள்: விருந்தாளிகளுக்கு எந்த நாள், என்ன கட்டணம், சிறுவர்களை எந்த வயதிலிருந்து விடுவார்கள், பழகாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா. இந்த நாலு கேள்வி போதும். காலர் வைத்த சட்டை வேண்டும், ஜீன்ஸ் வேண்டாம். இது எல்லா கிளப்பிலும் உள்ள பிடிவாதம். மட்டை எதையும் வாங்கிவிடாதீர்கள். 12 வயதுக்குப் பெரியவர்கள் மட்டை நீளம், அதில் பழகினால் தப்பாகப் பழகுவாள். முதல் தடவை யாராவது ஆடுவதைக் கூடவே நடந்து பார்த்தாலே அவளுக்கு இதில் உண்மையாக ஆசையா, தொப்பியில் மட்டும் ஆசையா என்று தெரிந்துவிடும். அடிக்கிறவருக்கு முன்னால் நிற்கக் கூடாது. 'ஃபோர்!' என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காமல் தலையை மூடிக்கொண்டு குனிய வேண்டும். திரும்பிப் பார்க்கத்தான் தோன்றும்.

கொடையில் இன்னொரு விஷயம், காட்டுமாடு. புல் இளசாக இருப்பதால் அதுகளுக்கு அந்த மைதானம் பந்திபோல. ஒரு தடவை பனி விலகுகிற நேரம், நான் என் கணவரோடு நடந்துகொண்டிருந்தேன். பந்து போய் விழுந்த இடத்துக்கு ஐந்தடியில் ஒன்று நின்றது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை மாட்டின மாதிரி. மூச்சு விடும்போது பனியில் ஆவி பறந்தது. பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்துப் புல்லை மேய ஆரம்பித்தது. கேடி தோளிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அது சாப்ட்டு முடிக்கட்டும் சார்" என்றார். இருபது நிமிடம். பிறகுதான் தெரிந்தது, ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால் அபராதம் இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் வேறு பந்து போட்டு ஆடலாம் என்று கோல்ஃப் விதியிலேயே இருக்கிறதாம். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். சாதுவாக மேய்கிற மாதிரிதான் இருக்கும், திரும்பினால் நம்மால் ஓட முடியாது.

மற்றவர்களுக்கு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சைக்கிள். படிக்கிற பிள்ளை என்றால் சூரிய ஆய்வகத்துக்கும் கூட்டிப்போங்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து தாய்லாந்து போகிறோம். ஆண்கள் நாலு பேருக்கும் கோல்ஃப். பட்டாயாவா, ஹுவா ஹின்னா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஹுவா ஹின். பட்டாயாவைச் சுற்றி நிறைய மைதானங்கள் உண்டு, ஆனால் சாயங்காலம் பிள்ளைகளோடு தெருவில் நடக்க ஹுவா ஹின்தான் சௌகரியம். 1924-ல் போட்ட ராயல் ஹுவா ஹின் மைதானம் பழைய மர ரயில் ஸ்டேஷனுக்கு நேர் பின்னால். அந்த ஸ்டேஷனும் ராஜாவுக்காகக் கட்டிய காத்திருப்பு அறையும் சிவப்பும் வெள்ளையுமாக பொம்மை வீடுபோல இருக்கும். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்துவிடலாம், ராத்திரிச் சந்தையும் பக்கம். தாய்லாந்தில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கேடி கட்டாயம், பெண் கேடிகள்தான் அதிகம், டிப்ஸும் கொடுத்தாக வேண்டும். பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் 'ஜே' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், மீன் சாஸ் போட மாட்டார்கள். 'வெஜ்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் கணக்கில் மீன் சாஸ் காய்கறிதான்.

கேள்வி: கோல்ஃப் பையை விமானத்தில் எப்படிக் கொண்டு போவது? கணவர் தன் செட் இல்லாமல் வர மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆட்டத்தில் அதிகபட்சம் 14 மட்டைதான் வைத்துக்கொள்ளலாம் என்று விதி. பதினாலையும் எடுத்துக்கொள்வது கட்டாயம் என்று அவர் புரிந்துகொண்டிருப்பார். பையோடு எடை 12 கிலோவுக்குக் குறையாது. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு 15 கிலோதான். மிச்சம் மூன்று கிலோவில் அவர் துணிமணி என்றால் அது உங்கள் பெட்டிக்குத்தான் வரும். டிக்கெட் போடும்போதே விளையாட்டுச் சாமான் என்று தனியாகப் பதிந்தால் கட்டணம் குறையும், கவுன்ட்டரில் போய் நின்றால் கூடும். மூன்று நாள் பயணம் என்றால் வாடகை செட்டே லாபம். ஷூ, கையுறை, பந்து மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

அப்படியும் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு தடவை மொத்தப் பையும் வந்தது. எடை கூடிவிட்டது என்று என் மாமியார் தன் பெட்டியிலிருந்த புளிக்காய்ச்சல் டப்பாவையும் பூண்டு ஊறுகாயையும் யாருக்கும் சொல்லாமல் அந்தப் பையின் பந்து வைக்கிற அறைக்குள் சொருகிவிட்டார். ஊறுகாய் மூடி திறந்துகொண்டது. அந்தப் பயணத்தில் மட்டுமில்லை, அடுத்த ஒரு வருடம் எந்த ஊர் கேடி அந்த ஜிப்பைத் திறந்தாலும் ஒரு நிமிடம் நின்று, மூக்கை உறிஞ்சி, "சார், டிபன் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்பார்.